ராமையாவின் இரண்டாவது கியர்

1997ஆம் ஆண்டு பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படுவதற்கு முன் ராமையா எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசு கிடையாது. இடது கையின் இரண்டு விரல்களில் கைப்பிடியை மாட்டி, கண்ணை மூடி, ஒரு தரம் மெல்ல ஆட்டுவார். "நாலரை", "ஆறு", "இதுல மாப்பொட்டலம் இருக்கு, ஒம்பது" என்று கிலோக் கணக்கை அறிவித்துவிட்டு, பாரமானவற்றைப் பின்சில்லுகளுக்கு நேர்மேலேயும் இலேசானவற்றை முன்னாலும் அடுக்குவார். பைகள் முடிந்ததும் ஆட்கள். ஆட்களைத் தூக்குவதில்லை, பார்வையாலேயே நிறுத்துவிடுவார்.

"கொன்ஸ்ரன்ஸம்மா, நீங்க பின் சீட்டு."

"ஏன், நான் என்ன மாமூட்டையா?"

"அப்படி இல்லம்மா. பின்னால கனம் இருந்தாத்தான் டயரு ரோட்டைப் புடிக்கும். மலைக்கு நீங்க இல்லாம முடியாது."

கொன்ஸ்ரன்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போய் ஏறினார். அந்த மனிதரிடம் கோபப்படுவது சுலபமில்லை.

ராமையாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு மணல்தாள். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒருகொடவத்தை லொறிப் பட்டறைக்குக் கிளீனராக வந்து, முப்பது ஆண்டுகள் மலைக்கு அரிசியும் மலையிலிருந்து தேயிலையும் ஏற்றி இறக்கியிருக்கிறார். இப்போது கிராண்ட்பாஸ் முதலாளி ஒருவரின் டொயோட்டா ஹைஏஸ் வானை ஓட்டுகிறார். 1981ஆம் ஆண்டு வண்டி, டீசல். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த வான் ஹட்டனுக்கு அப்பால் இருந்த ஒரு தடுப்பு முகாமுக்குப் போகும். பிள்ளையோ தம்பியோ அங்கே அடைபட்டிருக்கிற கொட்டாஞ்சேனைப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து பிடிக்கிற ஹயர் அது. மாதமொருமுறை மட்டுமே பார்க்க விடுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

எனக்கு முகாமில் யாரும் இல்லை. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில் அருள்நாயகி என்ற மன்னார்ப் பெண்மணி வாடகைக்கு இருந்தார். அவருக்குச் சிங்களம் வராது. "நீ சும்மாதானே இருக்கிறாய், கூடப் போய்ட்டு வா" என்று அம்மா அனுப்பிவிட்டார்.

அருள்நாயகியின் மகன் கிளறன்ஸுக்கு இருபத்திரண்டு வயது. டிசம்பரில் லொட்ஜ் ஒன்றில் சோதனை நடந்தபோது அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்டவன். கடந்த முறை முகாம் அதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: இருபத்து மூன்றாம் திகதி பகல் பன்னிரண்டுக்குள் மூலப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வந்தால் பார்க்கலாம். கொண்டு வராவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை, ஆவணம் இல்லாதவர்களோடு சேர்த்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. சான்றிதழும் பங்குச் சுவாமியாரின் கடிதமும் மூன்று கை மாறி, மன்னாரிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்திருந்தன. அருள்நாயகி அவற்றை நீளமான ஒரு மண்ணிற உறையில் போட்டு, உறையைப் பொலித்தீனில் சுற்றி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பால் கிண்ணத்தைப் பிடிப்பதுபோல.

எல்லாரும் ஏறிய பிறகுதான் கொன்ஸ்ரன்ஸ் மறுபடி இறங்கினார். மூன்றடி உயரமான கொச்சிக்கடை அந்தோனியார் படம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஹார்ட்போட் அட்டையில் ஒட்டி, மேலே பொலித்தீன் போட்டது.

"இதை முன்னுக்குக் கட்டுங்கோ, ராமையா. அந்தோனியாரைக் கண்டா ஆமிக்காரனும் கையெடுப்பான். சிங்கள ஆக்களும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயில்லதானே வந்து நிக்கிறவை."

டாஷ்போட்டில் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்த ராமையா திரும்பிப் பார்த்தார். "ஏறுற பாதைக்கு யாரு வந்தாலும் நல்லதுதான்" என்று சொல்லி, நைலோன் கயிறு எடுத்து, தானே தன் கையால் அந்தப் படத்தை வானின் முகப்பில் இறுக்கிக் கட்டினார்.

படம் வேலை செய்தது. ஒருகொடவத்தைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் டோர்ச்சைப் படத்தில் அடித்து, நெற்றியைத் தொட்டுக்கொண்டு, போ என்று கைகாட்டினான். ஹங்வெல்லையிலும் அப்படியே. அவிசாவளையில் வழக்கமாக எல்லாரையும் இறக்கி, புட்டுப் பாத்திரம்வரை திறந்து பார்ப்பார்கள். அன்று ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். வானுக்குள் கொன்ஸ்ரன்ஸின் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"நான் சொன்னன் தானே."

"சொன்னீங்கம்மா. அடுத்த மாசம் ரெண்டு படம் கொண்டாங்க, பின்னாலயும் ஒண்ணு கட்டிருவோம்."

ராமையா செருப்பில்லாமல்தான் ஓட்டுவார். பெடல் நடுங்குவது பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். கண்ணாடிக்குக் கீழே மூடிய முறுக்குப் பக்கெட் ஒன்று தொங்கும். கொழும்பில் அது சப்பையாக இருக்கும். ஏற ஏறக் காற்று மெலிந்து, பக்கெட் உப்பிக்கொண்டு வரும். ஹட்டனில் தவளை வயிறு. "இதான் நம்ம மீட்டரு. இது உப்பிருச்சுன்னா எஞ்சினுக்கு மூச்சு பத்தலைன்னு அர்த்தம். கொழும்புல இழுத்த மாதிரி அங்க இழுக்காது, மிஸ். கோவிச்சுக்கிட்டு மிதிச்சா கறுப்புப் பொகைதான் வரும்." ஊருக்குத் திரும்பும்போது அந்த முறுக்கை யாருக்கும் கொடுக்க மாட்டார். அதே பக்கெட் ஆறு மாதம் வேலை செய்யும்.

கித்துல்கலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பேச்சைக் குறைத்தார். இமயமலைப் பக்கத்தில் பஸ் சாரதிகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டை உச்சத்தில் வைத்துவிட்டு, ஒரு கையால் தேநீர் குடித்தபடி வளைவெடுப்பார்கள். ராமையா வானொலியை நிறுத்திவிடுவார். எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

"மூணுலயே இழுத்துப் பாப்போம்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. வண்டி அழும். கியர்லீவர் நடுங்கும் பாருங்க, அதான் அழுகை. அழ விடக்கூடாது. அழுறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கு வந்துரணும். சத்தம் கூடும், வேகம் கொறையும், அது பரவாயில்ல. சத்தம் போடுற எஞ்சின் சாகாது. முக்குற எஞ்சின்தான் சாகும்."

"அப்ப இறங்கும்போது?" என்று கேட்டேன்.

"எந்த கியர்ல ஏறுனோமோ அதே கியர்ல எறங்கணும். பிரேக்கை நம்பி எறங்குனவன் எல்லாம் மகாவலி ஆத்துலதான் குளிச்சிருக்கான்."

கினிகத்தேனைக்கு இரண்டு மைல் முன்னால் வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டியது. ராமையா ஹீட்டரைப் போட்டார். கொழும்பில் வாழ்நாளில் யாரும் தொட்டிராத அந்தக் குமிழைத் திருப்பியதும் காலடியிலிருந்து அனல் அடித்தது.

"ஐயோ, வேகுது" என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

"ஜன்னலைத் தொறங்கம்மா. எஞ்சின்ல இருக்கிற சூட்டைக் கொஞ்சம் நாம வாங்கிக்கிறோம். அதுக்கு ஒத்தாசை."

ஒன்பது பெண்களும் நானும் வேர்த்து வழிந்தோம். முள் இறங்கவில்லை. முதலாம் கியருக்கு வந்தார். இன்னும் ஏறியது. ராமையாவின் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. புறப்படுமுன் தண்ணீர் பார்த்தவர், பெல்ட்டைத் தட்டிப் பார்த்தவர், கியரைச் சரியான இடத்தில் மாற்றியவர். தான் செய்ததில் எங்கே பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வளைவில் முன்பக்கமிருந்து வெள்ளையாக நீராவி சீறியது.

வானை ஓரங்கட்டி, பின்சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு முன்னால் போனார். அப்படியே நின்றார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்தோனியார் குழந்தையை ஏந்தியபடி அமைதியாக இருந்தார். அவருக்குப் பின்னால், ஹார்ட்போட் அட்டைக்கு அந்தப் பக்கம், காற்றுக்காகக் காத்திருந்த ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

"யோவ் ராமையா" என்றார் ராமையா, தனக்குத்தானே.

கொன்ஸ்ரன்ஸும் வந்துவிட்டார். "அந்தோனியார் என்ன செய்தவர்?"

"அவரு ஒண்ணும் செய்யலம்மா. நாந்தான் செஞ்சேன். வெறும் ரோட்டுல ஓடுறப்ப காத்து எங்கயாவது புகுந்துரும். ஏத்தத்துல வண்டி நடக்கிற வேகம்தான். இருக்கிற கொஞ்சக் காத்தையும் அடைச்சு வச்சிருக்கேன். மூஞ்சியில தலாணியை வச்சு அமுக்கிக்கிட்டு ஓடு ஓடுன்னு அடிச்சிருக்கேன்."

கயிற்றை அவிழ்த்துப் படத்தைக் கொன்ஸ்ரன்ஸிடம் கொடுத்தார். அவர் அதை முந்தானையால் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நேரம் ஒன்பது ஐம்பது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ராமையா. ஹைஏஸில் ரேடியேட்டர் மூடி முன்னாசனத்துக்கு அடியில் இருக்கும். ஆசனத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தொடவில்லை. வானில் மூன்று கான் தண்ணீர் இருந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஊத்துங்கோவன், ராமையா. நேரம் போகுது."

"இப்ப மூடியைத் தொறந்தா என் மூஞ்சி வெந்துரும். அது பரவாயில்ல. பச்சைத் தண்ணி பட்டா எஞ்சின் ஹெட்டு வெடிச்சுரும். அப்புறம் பன்னெண்டு மணி இல்ல, அடுத்த பன்னெண்டாந் தேதிக்கும் போக முடியாது."

"எவ்வளவு நேரம்?"

"எஞ்சின்தான் சொல்லணும்."

ஹட்டன் பஸ் ஒன்று வந்தது. நானும் ராமையாவும் நடுவீதியில் நின்று கைகாட்டினோம். படியில் ஆட்கள் தொங்கினார்கள். நிற்காமல், எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மற்ற வண்டிகள் எல்லாம் இறங்கி வந்துகொண்டிருந்தன.

அருள்நாயகி மட்டும் வானைவிட்டு இறங்கவில்லை. முழங்கால் வருத்தம். ஜன்னலால் தலையை நீட்டி ஒரே ஒரு முறை கேட்டார்: "தம்பி, பன்னிரண்டுக்கு முதல் போய்ச் சேருவமோ?"

ராமையா எழுந்து போய் ரேடியேட்டருக்கு மேலே, தொடாமல், உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல. திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதையே செய்தார். ஐம்பது நிமிடம்.

பத்து நாற்பதுக்கு ஈரச்சாக்கைப் போட்டு மூடியைக் கால்வட்டம் திருப்பினார். சீறி அடங்கியது. எஞ்சினை ஓடவிட்டு, குழந்தைக்குப் பாலூட்டுகிற வேகத்தில் தண்ணீர் விட்டார். முள் இறங்கியது.

"இப்ப எல்லாரும் கேளுங்க. மன்னாரம்மா உள்ள இருக்கட்டும். மத்தவங்க எறங்கி நடக்கணும். இந்தா தேயிலைக்குள்ள போகுது பாருங்க, குறுக்குப் பாதை. ரோடு மூணு வளைவு சுத்தி வரும், இது நேரா ஏறும். மேல பாப்போம். ஆனா நான் நிக்க மாட்டேன். ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா கிளச்சு பத்திக்கும். மெதுவாத்தான் வருவேன், ஓடியாந்து ஏறிக்கங்க."

பிள்ளையைப் பார்க்கப் போவதற்காகப் பட்டுச் சேலை கட்டிய பெண்கள் எட்டுப் பேரும் நானும், புட்டுப் பாத்திரங்களோடும் ஒரு அந்தோனியாரோடும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேலே வந்து சேர்ந்தபோது வான் வளைவைச் சுற்றி, கதவு திறந்தபடி, நடக்கிற வேகத்தில் வந்தது. நாங்கள் பக்கத்தில் ஓடினோம். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தோம். கொன்ஸ்ரன்ஸ் கடைசி. முதலில் படத்தை எறிந்தார், பிறகு தன்னை எறிந்தார்.

"அந்த ஏத்தத்துல உங்களை எல்லாம் ஏத்தியிருந்தா மறுபடி கொதிச்சிருக்கும்" என்றார் ராமையா, திரும்பிப் பார்க்காமல். "அரை டன் எறங்குச்சு."

"அரை டன்னா?" என்றார் கொன்ஸ்ரன்ஸ் மூச்சு வாங்கியபடி. அன்று நாங்கள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

கினிகத்தேனைச் சாவடியில் முகப்பில் படம் இல்லை. கொன்ஸ்ரன்ஸ் அதை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார், ஆனால் சிப்பாய் அதற்குள் தண்ணீர்க் கான்களைக் கண்டுவிட்டான். மூன்று கான் ஏன், எதற்கு, யாருக்கு. எல்லாரும் இறங்கினோம். ஒவ்வொரு கானையும் முகர்ந்து பார்த்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று மறுபடி கொதித்துவிடும் என்று ராமையா சிங்களத்தில் விளக்கினார். விளக்கியதே சந்தேகமாகிவிட்டது. அடையாள அட்டைகளை இரண்டு தரம் பார்த்தார்கள். அரை மணி நேரம் போனது.

முகாம் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு பத்து. இரும்புக் கேற் பூட்டியிருந்தது.

உள்ளே ஒரு இளம் காவலாளி நின்றான். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது என்றான். அருள்நாயகி கம்பிக்கு ஊடாக உறையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்போது ராமையா செருப்பில்லாமல் ஓடி வந்தார். எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. "மகே வரத, மல்லி" என்றார். பிழை என்னுடையது, தம்பி. "மகே வரத. இந்த அம்மாவோட பிழை இல்ல. வண்டியோட பிழையும் இல்ல." தமிழும் சிங்களமும் கலந்து மூன்று தரம் சொன்னார்.

காவலாளி அவரைப் பார்த்தான், வானைப் பார்த்தான். பிறகு உறையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். பற்றுச்சீட்டு இல்லை, பெயர் கேட்கவில்லை. ஒரு கட்டடத்தின் மூலையில் திரும்பி மறைந்தான்.

அவ்வளவுதான். மறுநாள் ஒரு தொகுதிப் பிள்ளைகளை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கிளறன்ஸ் அதில் இருந்தானா, உறை அவனிடம் போனதா, யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து யாரையும் பார்க்க விடவில்லை; ராமையா மட்டும் தனியாகக் கேற்றில் இறங்கி விசாரித்திருக்கிறார். காவலாளி மாறிவிட்டான். ஏப்ரலில் அருள்நாயகி மகளின் பிரசவத்துக்கு மன்னாருக்குப் போனார், சண்டையில் பாதை பூட்டிக்கொண்டது. கடிதமில்லை. நானும் மறுபடி புறப்பட்டுப் போய்விட்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு திரும்பி வந்தபோது ராமையா வீதியில் என்னைக் கண்டு வானை நிறுத்தினார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "மன்னாரம்மா ஏதும் எழுதுனாங்களா, மிஸ்?" என்றார். மாதாமாதம் எங்கள் கேற்றுக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவாராம்; அம்மா சொன்னார்.

"படத்தைக் கட்டாம இருந்தா ஒம்பதரைக்கெல்லாம் வளைவு தாண்டியிருப்போம். செக் பொயின்டுல எல்லாத்துலயும் இருவது நிமிசம் போயிருந்தாக்கூட பதினொண்ணரைக்கு கேற்றுல நின்னிருப்போம். முப்பது வருசம் ஓட்டியிருக்கேன், மிஸ். ஒரு அட்டை."

மற்றபடி அவர் மாறவில்லை. கொஞ்சம் பைத்தியம் கூடியிருந்தது. இப்போது வானின் முகப்பில் ஒரு நூல்கூடக் கட்ட விடமாட்டார். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணத்துக்கு ஹயர் போனபோது மாப்பிள்ளை வீட்டார் முகப்பில் ரோஜாமாலை கட்டியிருக்கிறார்கள். ராமையா கத்தரிக்கோலோடு போய் அதை வெட்டி எடுத்து, கூரையில் கட்டிவிட்டார். மாப்பிள்ளையின் மாமா பேர்னாட் சண்டைக்கு வந்தார்.

"இங்க எங்கயப்பா மலை? வீட்டிலயிருந்து கோயிலுக்கு நானூறு மீற்றர் தூரம். ரோடு தட்டை."

"தட்டைதான் சேர். ஆனா எஞ்சினுக்குப் பழக்கம் கெட்டுரும்."

ஜூன் மாதம் கடிதம் வந்தது. நோர்வே முத்திரை, எங்கள் வீட்டு முகவரி. கிளறன்ஸ் எழுதியிருந்தான். எனக்கு நாலு வரி. உள்ளே மடித்த இன்னொரு தாளின் மேல் 'வான்கார அண்ணைக்கு' என்று இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு கிராண்ட்பாஸுக்குப் போனேன்.

ராமையா பட்டறையில் வானுக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெயரைச் சொன்னதும் முதுகால் நகர்ந்து வெளியே வந்தார். முழங்கைவரை கறுப்புக் கிறீஸ்.

"மன்னாரம்மா மகன் எழுதியிருக்கிறார்" என்றேன்.

எழுந்து நின்றார். தாளை வாங்கக் கை நீட்டி, கையைப் பார்த்து, இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டினார். நான் தாளை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

'அன்புள்ள அண்ணை, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவும் மறந்துவிட்டா. அந்த ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு ஒரு ஆமிப் பெடியன் ஓடி வந்து என் பெயரைக் கூப்பிட்டு உறையைத் தந்தான். பெரிய ஐயாவிடம் காட்டச் சொன்னான். காட்டினேன். மாற்றுகிற பட்டியலில் என் பெயர் இருந்தது. வெட்டினார்கள். அடுத்த வருடம் தை மாதம் விட்டார்கள். மன்னாருக்குப் போய், அங்கிருந்து இந்தியா போய், இப்போது இங்கே. அம்மாவும் என்னோடுதான். வந்த நாளிலிருந்து, வான்காரத் தம்பிக்கு எழுது, அவர் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா. எழுதப் பிந்திவிட்டது. மன்னியுங்கோ. கிளறன்ஸ்.'

உதடு அசைய, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தார். படித்து முடித்தும் தலையை எடுக்கவில்லை.

"அடுத்த பக்கம் காட்டுங்க, மிஸ்."

"இவ்வளவுதான். வேறே பக்கம் இல்லை."

கைகளை முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அப்ப மறுபடி மேலருந்து புடிங்க" என்றார். "கொஞ்சம் கிட்ட."